புளிப்பு மண்ணில் நைத்திரேற்றுத் தங்கும் ஆழம்

மலைச்சரிவில் மரக்கறி செய்யும் கமக்காரர் ஒருவர் தம் லீக்ஸ் பாத்திகளுக்கு யூரியா இடுகின்றார். மூன்று வாரங்களின் பின் அடைமழை பெய்கின்றது. மழை விட்ட சில நாள்களில் இலைகள் வெளிறி மஞ்சள் நிறமடைகின்றன. பசளை போதவில்லை என எண்ணி அவர் மீண்டும் யூரியா இடுகின்றார். முதன்முறை இட்ட பசளை எங்கே போயிற்று என வினவினால், "மழையோடு போயிற்று" என்பதே அவர் கூறும் விடையாகும்.

இவ்விடை ஓரளவிற்கே சரியானது. அப்பசளையின் ஒரு பங்கு மழையோடு போயிருக்கலாம். மற்றொரு பங்கு அதே பாத்தியின் கீழே, லீக்ஸின் வேர் எட்டாத ஆழத்தில், மண்ணோடு ஒட்டி நிற்றலுங் கூடும். அது எவ்வாறு அங்கே நிற்கின்றது, எவ்வளவு காலம் நிற்கும், அதனை மீட்பது எங்ஙனம் என்பனவற்றை விளக்குவதே இப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

2021ஆம் ஆண்டு மே மாதத்தில் செயற்கைப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டு, நவம்பர் மாதத்தில் அத்தடை நீக்கப்பட்டதையும், அதன்பின் 2022இல் பசளை விலை மிக உயர்ந்ததையும் கமக்காரர் மறந்திரார். ஒரு மூடை யூரியாவின் அருமையை அக்காலம் நன்கு உணர்த்திற்று. வாங்கிய பசளையை இழவாது காத்தல், மேலும் பசளை வாங்குவதிலும் இலாபமானது.

நைத்திரேற்று என்பது யாது?

யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கும், அமோனியம் சல்பேற்றில் நூற்றுக்கு 21 பங்கும் நைதரசன் உண்டு. யூரியா மண்ணிற் சேர்ந்ததும் முதலில் அமோனியமாக மாறுகின்றது. பின்னர் மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் அமோனியத்தை நைத்திரேற்றாக மாற்றுகின்றன. கூட்டெருவும் கோழியெருவும் மட்கும்போதும் இம்மாற்றமே நிகழ்கின்றது. மேட்டு நிலப் பயிர்கள் நைதரசனின் பெரும் பங்கை நைத்திரேற்றாகவே உறிஞ்சுகின்றன.

அமோனியம் நேரேற்றம் உடையது; நைத்திரேற்று மறையேற்றம் உடையது. ஒத்த ஏற்றங்கள் ஒன்றையொன்று தள்ளும், மாறான ஏற்றங்கள் ஒன்றையொன்று ஈர்க்கும் என்பது இயற்கை விதி. மண்ணிலுள்ள களித்துணிக்கைகளும் மட்கிய சேதனப் பொருளும் பெரும்பாலும் மறையேற்றம் உடையவை. ஆதலால் அவை அமோனியத்தைப் பற்றிக்கொள்கின்றன, நைத்திரேற்றைப் பற்றுவதில்லை. நைத்திரேற்று மண்ணீரிற் கரைந்து, நீர் செல்லும் வழியே தானுஞ் செல்கின்றது. பெரும்பாலான நிலங்களில் நிகழ்வது இதுவே. ஆயினும் வெப்பவலயத்தின் புளிப்பு மண்ணிற் சிலவற்றில், ஆழஞ் செல்லச் செல்ல நிலைமை மாறுபடுகின்றது.

மேன்மண்ணும் கீழ்மண்ணும்

நமது ஈரவலயத்திலும் மலைநாட்டிலும் பரந்து காணப்படுவது செம்மஞ்சட் பொட்சோலிக் மண்ணாகும். நெடுங்காலம் பெருமழையிற் கழுவப்பட்டமையால், கல்சியம், மகனீசியம் முதலியன குறைந்து இம்மண் புளிப்படைந்துள்ளது. எஞ்சி நிற்பவை பெரும்பாலும் வெண்களியும், இரும்பு, அலுமினியம் ஆகியவற்றின் ஒட்சைட்டுகளுமாம். கீழ்மண்ணுக்குச் செந்நிறமும் மஞ்சள் நிறமும் கொடுப்பவை இவ்விரும்பு ஒட்சைட்டுகளே.

இவ்வொட்சைட்டுகளுக்கு ஒரு தனிக்குணம் உண்டு. அவற்றின் ஏற்றம் நிலையானதன்று. மண்ணின் புளிப்பிற்கேற்ப அது மாறும். புளிப்புக் குறைந்தால், அதாவது பீஎச் பெறுமானம் உயர்ந்தால், அவை மறையேற்றம் அடைகின்றன. புளிப்பு மிகுந்தால் நேரேற்றம் அடைகின்றன. நேரேற்றம் கொண்ட துணிக்கை, மறையேற்றம் உடைய நைத்திரேற்றைத் தன்பால் இழுத்து வைத்துக்கொள்ளும்.

அங்ஙனமாயின் புளிப்பான மேன்மண்ணும் நைத்திரேற்றைப் பிடித்து வைத்தல் வேண்டுமன்றோ? அவ்வாறு நிகழ்வதில்லை. மேன்மண்ணிற் சேதனப் பொருள் மிகுதி. அது ஒட்சைட்டுகளின் மேற் படிந்து, அவற்றின் நேரேற்றத்தை மறைத்துத் தன் மறையேற்றத்தையே மேலோங்கச் செய்கின்றது. நாம் இடும் பொசுபேற்றும் மேன்மண்ணிலேயே தங்கி, ஒட்சைட்டுகளோடு வலுவாகப் பிணைந்து, நைத்திரேற்று அமரக்கூடிய இடத்தை அடைத்துக்கொள்கின்றது. ஆண்டுதோறும் எருவும் பொசுபேற்றும் பெற்றுவந்த மரக்கறித் தோட்டங்களின் மேன்மண் நைத்திரேற்றைத் தடுத்து வைக்கும் என எதிர்பார்த்தல் தகாது.

ஓர் அடிக்குக் கீழே சேதனப் பொருள் குறைகின்றது. பொசுபேற்றும் அங்கு அதிகஞ் செல்வதில்லை. ஒட்சைட்டுகள் வெளிப்பட்டு நிற்கின்றன. எனவே களியும் ஒட்சைட்டும் மிகுந்து, சேதனப் பொருளும் பீஎச் பெறுமானமும் குறைந்த கீழ்மண்ணில் நைத்திரேற்றுப் பிடிபட்டு நிற்றல் இயலும். ஆயினும் செம்மண் யாவும் இத்தன்மையில் ஒரே அளவினவாக இரா. மணல் கூடிய இடத்தில் இப்பிடிப்பு மிகக் குறைவு.

மழையும் ஆழமும்

ஒரு மழை நைத்திரேற்றை எவ்வளவு ஆழத்திற்குக் கொண்டு செல்லும் என்பதை ஓர் எளிய கணக்கால் அறியலாம். ஏற்கெனவே நன்கு நனைந்த மண்ணின் கன அளவில், ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு நீராக இருக்கும் எனக் கொள்வோம். அம்மண்ணில் மேலும் 4 அங்குல மழைநீர் இறங்குமாயின், அது பழைய நீரை 12 அங்குலம் கீழே தள்ளிவிடும். பிடிப்பில்லாத மண்ணில் நைத்திரேற்றும் நீரோடு சேர்ந்து ஓர் அடி இறங்கும்.

கீழ்மண்ணானது, நீரிற் கரைந்துள்ள நைத்திரேற்றின் அளவிற்குச் சமமான இன்னொரு பங்கைத் தன் துணிக்கைகளிற் பிடித்து வைக்குமாயின், நைத்திரேற்று இறங்கும் வேகம் பாதியாகும். நீர் ஓர் அடி செல்ல, நைத்திரேற்று அரை அடி செல்லும். மண்ணின் பிடிப்பு நைத்திரேற்றின் பயணத்தைத் தாமதிக்கச் செய்கின்றதேயன்றி முற்றாக நிறுத்துவதில்லை என்பதை இக்கணக்குக் காட்டுகின்றது. நுவரெலியாவில் ஆண்டொன்றிற்கு ஏறக்குறைய 1,900 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. ஆவியாகியும் மேலோடியும் போனவை தவிர எஞ்சிய நீர் நிலத்துள் இறங்கிக்கொண்டேயிருக்கும். தாமதமாகும் அக்காலத்தினுள் வேரொன்று அவ்விடத்தை எட்டினால் மாத்திரமே பசளை கமக்காரருக்கு மீளும்.

இதனால் ஏற்படும் நட்டத்தையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். 50 கிலோ யூரியாவில் 23 கிலோ நைதரசன் உண்டு. அதிற் பாதி வேருக்குக் கீழே இறங்கிவிடின், 25 கிலோ யூரியாவின் விலையைக் கமக்காரர் இழந்தவராவார். மேற்சொன்ன லீக்ஸ் தோட்டக்காரர் மீண்டும் யூரியா இட்டு, அதன்மேலும் மழை பெய்யின், இந்நட்டம் இரட்டிக்கும்.

வேர் கீழே செல்லாமைக்குக் காரணம்

நைத்திரேற்றைப் பிடித்து வைக்கும் அதே புளிப்பு, வேரையும் தடுத்துவிடுகின்றது. பீஎச் பெறுமானம் 5இற்குக் கீழே செல்லச் செல்ல, மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேர்நுனியைத் தாக்குகின்றது. தாக்குண்ட வேர் நீளாது தடித்துக் குறுகி, கிளைவேர்கள் இன்றி நின்றுவிடும். இரண்டடி ஆழத்திற் சத்து இருந்தும் வேர் முக்காலடியோடு திரும்பிவிடுகின்றது. லீக்ஸ், வெங்காயம், சலாது ஆகியன இயல்பாகவே மேலோட்டமாக வேரூன்றுவன. உருளைக்கிழங்கும் மிக ஆழஞ் செல்வதன்று. சோளம், பீற்றூட், கோவா ஆகியன தடையில்லா மண்ணில் மூன்றடிக்கு மேலும் வேர்விடவல்லன.

பிற நாடுகளிற் கண்டவை

மேற்குக் கென்யாவின் ஆழமான செம்மண் நிலங்களில் 1990ஆம் ஆண்டுகளிற் செய்யப்பட்ட ஆய்வுகளில், தொடர்ந்து சோளம் பயிரிடப்பட்ட காணிகளின் கீழ்மண்ணில், அரை மீற்றர் முதல் இரண்டு மீற்றர் வரையுள்ள ஆழத்தில், நைத்திரேற்றுச் சேர்ந்திருப்பது காணப்பட்டது. அங்குள்ள எளிய கமக்காரர் பசளை வாங்கப் பொருளின்றி வருந்துகையில், அவர்தம் நிலத்தின் கீழேயே நைதரசன் பயன்படாது கிடந்தது. அந்நிலங்களிற் சிற்றகத்தி வளர்க்கப்பட்டபோது, அதன் வேர்கள் ஆழஞ் சென்று அந்நைத்திரேற்றை உறிஞ்சி எடுத்தன. உதிர்ந்த இலைகளும் மண்ணிற் புதைத்த தழைகளும் அதனை மேன்மண்ணிற் சேர்த்தன.

அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்திலே, மழை மிகுந்த வடகரையோரத்துச் செம்மண்ணில் கரும்பும் வாழையும் செய்யப்படுகின்றன. 2000ஆம் ஆண்டையொட்டி அங்கு நிகழ்ந்த ஆய்வுகள், வேர்மண்டலத்திற்கு வெகு கீழே, பல மீற்றர் ஆழத்தில், நேரேற்றமுள்ள மண் நைத்திரேற்றைத் தேக்கி வைத்திருப்பதைக் காட்டின. அவ்வாழத்தை எந்தப் பயிரும் எட்டாது. அங்கே தேங்கியது காலப்போக்கில் நிலத்தடி நீரையும் ஆற்றையும் சென்றடையக்கூடியது. கீழ்மண் தேக்கியது இரண்டு மீற்றருக்குள் இருக்கும்போதே பயிர்கொண்டு அதனை மீட்டல் வேண்டும் என்பது இவ்விரு நாடுகளின் அனுபவத்தாற் பெறப்படும்.

சுண்ணாம்பிடுதலில் கவனம்

புளிப்பு நீங்கச் சுண்ணாம்பு அல்லது தொலமைட்டு இடுதல் நன்று. அது அலுமினியத்தை அடக்கி வேர் இறங்க வழி செய்கின்றது. அமோனியம் வகைப் பசளைகள் மண்ணின் புளிப்பை மேலும் பெருக்குவன. 100 கிலோ அமோனியம் சல்பேற்று உண்டாக்கும் புளிப்பை நீக்குதற்கு ஏறக்குறைய 110 கிலோ சுண்ணாம்புக்கல் தூள் வேண்டும். யூரியாவாயின் 100 கிலோவிற்கு ஏறக்குறைய 80 கிலோ வேண்டும். ஆகவே பசளை இடுவோர் சுண்ணாம்பை மறத்தலாகாது.

எனினும், பீஎச் பெறுமானம் உயர்ந்ததும் ஒட்சைட்டுகளின் நேரேற்றம் குறைகின்றது. அவை பிடித்து வைத்திருந்த நைத்திரேற்று விடுபட்டு நீரிற் சேர்கின்றது. அதனோடு, புளிப்பு நீங்கியதும் நுண்ணுயிர்கள் விரைந்து தொழிற்பட்டுப் புதிதாக நைத்திரேற்றை உண்டாக்குகின்றன. அவ்வேளையில் நிலத்திற் பயிர் இல்லாதிருந்து, பெருமழையும் பெய்யின், நட்டமே விளையும். ஆகவே சுண்ணாம்பிட்ட நிலத்தை வெறுமையாக விடாது, அடுத்த பயிரை நாள் தாழ்த்தாது நடுதல் வேண்டும். உருளைக்கிழங்கு செய்வோர் அளவு மீறிச் சுண்ணாம்பு இடலாகாது. இடின் கிழங்கிற் சொறிநோய் மிகும். மண் பரிசோதனையின் பின்னரே அளவை நிர்ணயித்தல் தக்கது.

வயல் நிலத்தில் நிகழ்வது

நெல் வயலில் நீர் தேங்கியதும் மண்ணிற் காற்று இல்லாதொழிகின்றது. புளிப்பு வயலின் பீஎச் பெறுமானமும் சில வாரங்களில் நடுநிலையை நோக்கி உயர்கின்றது. இரும்பு ஒட்சைட்டுகளும் ஒடுக்கமடைந்து ஓரளவு கரைகின்றன. நைத்திரேற்றைப் பிடித்து வைக்கும் ஆற்றல் இதனாற் குன்றிவிடும். மேலும், காற்றில்லா மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் நைத்திரேற்றை வாயுவாக மாற்றி வெளியேற்றுகின்றன. நெல்லிற்கு நைத்திரேற்றுப் பசளை ஏற்றதன்று என்பதும், யூரியாவே ஏற்றது என்பதும் இக்காரணம் பற்றியே.

ஊவாவில் பெரும்போகத்தில் நெல்லும், அதே வயலிற் சிறுபோகத்தில் உருளைக்கிழங்கும் செய்யும் கமக்காரர் இதனைச் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். உருளைக்கிழங்கிற்கு இட்ட பசளையில் எஞ்சியது, அறுவடையின் பின் நைத்திரேற்றாக மண்ணில் நிற்கும். அது அடுத்த நெற்பயிருக்கு உதவும் என எண்ணுதல் தவறு. வயலில் நீர் கட்டியதும் அதன் பெரும் பங்கு வாயுவாகப் போய்விடும். ஒரு பங்கு கீழே இறங்கும். கிழங்கு கிண்டிய நாளுக்கும் நீர் கட்டும் நாளுக்கும் இடையில் ஐந்தாறு வாரங்கள் கிடைக்குமாயின், சோளத்தை நெருக்கமாக விதைத்து, இளம் பருவத்தில் வெட்டி மண்ணுடன் சேர்த்து உழுதுவிடுக. மண்ணில் நின்ற நைத்திரேற்றுத் தழையாக மாறி, மட்கும்போது நெல்லிற்கு அமோனியமாகக் கிடைக்கும்.

நெல்லிற்கு மேற்பசளை இடும்போது நீரை வடித்துச் சேற்றின்மேல் யூரியாவைத் தூவி, பின்னர் நீரை மெல்லப் பாய்ச்சுக. பசளை இட்டபின் வயல் வெடிக்கும்வரை காய்வதும், மறுபடி நீர் கட்டுவதும் நைதரசன் இழப்பிற்கு வழியாகும். காயும்போது நைத்திரேற்று உண்டாகின்றது. நீர் கட்டும்போது அது வாயுவாகின்றது.

கிணற்று நீரும் குழந்தைகளும்

வேர் எடாத நைத்திரேற்று முடிவில் நிலத்தடி நீரைச் சேரும். மணல் நிறைந்த கற்பிட்டியிலும், சுண்ணக்கல்லின் மேலமைந்த யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் மண்ணின் பிடிப்பு மிகக் குறைவாதலால், செறிவாகப் பயிரிடப்படும் பகுதிக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்திருப்பது அறியப்பட்டதே. மலைநாட்டுப் புளிப்பு மண்ணில் இது தாமதமாக நிகழலாம். அதனை நம்பி அசட்டையாக இருத்தல் ஆகாது. மேட்டுத் தோட்டத்தில் இன்று இடும் பசளை, சில ஆண்டுகள் சென்று பள்ளத்துப் பீலியில் தோன்றலாம்.

குடிநீர் ஒரு லீற்றரில் நைத்திரேற்று 50 மில்லிகிராமிற்கு மேற்படலாகாது என உலக சுகாதார நிறுவனம் விதித்துள்ளது. அதற்கு மேற்பட்ட நீரிற் பால்மா கரைத்துப் புட்டியில் ஊட்டப்படும் கைக்குழந்தைகளுக்கு, இரத்தம் உயிர்வாயுவைச் சுமக்கும் ஆற்றல் குன்றி, உடல் நீலம் பாரிக்கும் நோய் உண்டாகலாம். நீரைக் கொதிக்க வைப்பதால் நைத்திரேற்று நீங்காது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடுமேயன்றிக் குறையாது. ஐயமிருப்பின் நீரைப் பரிசோதிப்பித்தல் வேண்டும்.

குழி தோண்டிப் பார்த்தல்

தம் நிலத்தின் நிலைமையை அறியக் கமக்காரர் செய்யத்தக்க முதற் காரியம், நன்கு வளர்ந்த பயிரின் அருகே மூன்றடி ஆழக் குழியொன்று தோண்டுதலாகும். குழியின் ஒரு பக்கத்தை மண்வெட்டியாற் செவ்வையாகச் செதுக்கி, வேர் எவ்வளவு ஆழஞ் சென்றுள்ளது என அடிக்கோலால் அளந்து கொள்க. கரும்பழுப்பு நிற மேன்மண் முடிந்து, செம்மையோ மஞ்சளோ தோன்றும் இடத்தையும் குறித்துக் கொள்க. வேர் அவ்விடத்தோடு நின்றிருப்பின், கீழ்மண்ணின் புளிப்போ இறுக்கமோ அதனைத் தடுத்துள்ளது எனக் கருதலாம்.

பின்னர் முதலாம் அடி, இரண்டாம் அடி, மூன்றாம் அடி ஆகிய மூன்று ஆழங்களிலிருந்தும் மண்ணைத் தனித்தனிப் பைகளில் எடுத்து, காணியின் பெயரையும் ஆழத்தையும் எழுதி, உங்கள் பிரிவின் விவசாயப் போதனாசிரியர் மூலம் பரிசோதனைக்கு அனுப்பலாம். நைத்திரேற்றை அளக்க வேண்டுமாயின் மண்ணைக் குளிர்ச்சியான இடத்தில் வைத்து, அன்றே சேர்ப்பித்தல் வேண்டும். தாமதித்தால் பைக்குள்ளேயே நுண்ணுயிர்கள் அதன் அளவை மாற்றிவிடும். ஆய்வுகூடத்தில் பீஎச் பெறுமானத்தை நீரிலும் பொற்றாசியம் குளோரைட்டுக் கரைசலிலும் அளந்து ஒப்பிடுவர். கரைசலிற் பெற்ற அளவு நீரிற் பெற்ற அளவினும் உயர்ந்திருப்பின், அந்த மண் நேரேற்றம் மிக்கது, நைத்திரேற்றைப் பிடிக்கவல்லது என அறியலாம்.

கமக்காரர் கைக்கொள்ள வேண்டியவை

1. நைதரசன் பசளையை ஒரே முறையில் இடாது, பயிரின் வளர்ச்சிக்கேற்பப் பிரித்து இடுக. பெருமழை வருமென அறிந்த நாள்களில் இடுதலைத் தவிர்க்க.

2. எருவிலுள்ள நைதரசனையும் கணக்கிற் சேர்க்க. உலர்ந்த கோழியெருவில் நூற்றுக்கு 2 முதல் 3 பங்கு நைதரசன் இருத்தல் கூடும். ஒரு தொன் கோழியெரு, 50 கிலோ யூரியா மூடை ஒன்றிற்கு ஏறக்குறைய ஒப்பாகும்.

3. லீக்ஸ், வெங்காயம் முதலிய மேலோட்ட வேர்ப் பயிர்களுக்குப் பின், சோளம், பீற்றூட், கோவா முதலிய ஆழ வேர்ப் பயிர்களைச் சுழற்சியாகச் செய்க. முன்னது விட்டதைப் பின்னது எடுக்கும்.

4. அறுவடை செய்த நிலத்தை மழைக்காலத்தில் வெறுமையாக விடற்க.

5. மண் பரிசோதனைப்படி சுண்ணாம்போ தொலமைட்டோ இட்டு, வேர் இறங்க வழி செய்க. இட்டபின் நிலத்தைப் பயிரின்றி விடற்க.

6. நெல் வயலில் பசளை இட்டபின் நீரை மாறி மாறிக் காயவும் கட்டவும் விடற்க.

7. இலை மஞ்சளானதும் உடனே யூரியாவை நாடாது, முதலில் வேரைப் பார்க்க. வேர் அழுகியோ குறுகியோ இருப்பின், மேலும் இடும் பசளையும் முன்னது சென்ற வழியே செல்லும்.

கீழ்மண் பிடித்து வைக்கும் நைத்திரேற்று, கமக்காரர் தம் பொருளைக் கொடுத்து வாங்கியதாகும். ஆழ வேர்ப் பயிரொன்றை உரிய காலத்தில் நட்டால் அது அவருக்கே மீளும். காலந் தாழ்த்தினாற் கிணற்றைச் சென்றடையும். அடுத்த போகத்திற்குப் பசளை வாங்குமுன், உங்கள் நிலத்தில் ஒரு குழி தோண்டிப் பாருங்கள். மேலும் விளக்கம் வேண்டுவோர் தம் பிரிவின் விவசாயப் போதனாசிரியரை அணுகி ஆலோசனை பெறுவாராக.